மச்சு வெக்கையும் சூரிய மின்விசிறியும்

நம் சங்க உறுப்பினர்களில் பலருக்குக் கீழே கடை, மேலே குடியிருப்பு, அதற்கும் மேலே கூரைக்கடியில் மச்சு. கிட்டங்கியில் இடம் போதாதபோது மல்லி, வத்தல், சீரகம், கொஞ்சம் வெல்லம் எல்லாம் அந்த மச்சுக்குத்தான் ஏறுகின்றன. மச்சு வெக்கையைப் போக்க, வெயிலிலேயே ஓடும் மின்விசிறி என்று சொல்லிக் கடை கடையாக விற்பனையாளர்கள் வருகிறார்கள். வாங்கலாமா என்று நம்மைக் கேட்பவர்கள் பெருகிவிட்டபடியால், ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறோம்.

முன்பு நம் வீட்டுக்கு ஓட்டுக் கூரை. ஓட்டுக்கு ஓடு இடுக்கு இருந்தது. வெக்கை தானாகப் போய்விடும். குரங்கு புரட்டுகிறது, மழை ஒழுகுகிறது என்று 2011-ல் ஓட்டை இறக்கிவிட்டுத் தகரம் போட்டோம். எலியும் அணிலும் வரக்கூடாதென்று சுவருக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்த சந்தையும் சிமெண்ட் வைத்துப் பூசினோம். ஒழுகல் நின்றது, மச்சு அடுப்பானது. வத்தல் வெளுத்தது, வெல்லம் இளகியது, மல்லியில் வாசம் போயிற்று. எல்லாவற்றையும் சேதாரக் கணக்கில் எழுதிக் காலம் தள்ளினோம்.

2023 சித்திரையில் ஒரு மதியம், மல்லி மூடை இறக்க ஏறிய நம் கடை இளைஞர் ஏணியில் வரும்போதே கண் இருட்டி விழுந்தார். விழுந்தது கடைசிப் படியிலிருந்து என்பது அவர் தாயார் செய்த புண்ணியம். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். நாமும் நாற்காலி வாங்கிப் போட்டோம். மச்சுக்கு ஏறுகிறவர் என்ன பாடு படுகிறார் என்று எந்த அதிகாரியும் ஏறிப் பார்க்கவில்லை. 12 ஆண்டுகளாக முதலாளியாகிய நாமும் ஏறவில்லை. மறுநாள் 2 மணிக்கு ஏறினோம். 5 நிமிடம் நிற்க முடியவில்லை.

அந்த வாரமே 9,500 ரூபாய் கொடுத்து ஒரு சூரிய மின்விசிறி வாங்கினோம். தகரத்தின் மேல் 40 வாட் பலகை, முகட்டுச் சுவரில் வெளியே பார்த்து விசிறி. ஒரு வெப்பமானியும் வாங்கித் தொங்கவிட்டோம். வெளியே 38 டிகிரி வெயில் அடித்த நாளில் மச்சுக்குள் 49. விசிறி ஓடியும் 47. இரண்டு டிகிரிக்கா 9,500 ரூபாய் என்று வீட்டில் கேட்டார்கள். நம்மிடம் பதில் இல்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் நம் மருமகள். "மாமா, அந்த விசிறி வந்ததிலிருந்து ஏசி போட்டாலும் அறை குளிர மாட்டேன் என்கிறது" என்றார். விசிறி உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளினால், அந்த இடத்துக்கு வேறு காற்று வந்தாக வேண்டும். நாம்தான் எலிக்குப் பயந்து எல்லாச் சந்தையும் அடைத்துவிட்டோமே! அது கீழ் அறையின் பால்ஸ் சீலிங் இடுக்கு வழியாக, காசு கொடுத்துக் குளிர வைத்த காற்றை இழுத்துக் கொண்டிருந்தது. மச்சில் விசிறி வைக்கும் வழக்கம் வெகுநாளாக உள்ள அமெரிக்காவிலும் இதே எச்சரிக்கையைச் சொல்கிறார்கள். விற்றவர் இதைச் சொல்லவில்லை. கூப்பிட்டால் இப்போது எடுப்பதும் இல்லை.

பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு, விசிறிக்கு எதிர்ச் சுவரில் தரையை ஒட்டி நான்கு துளை போட்டு, எலி நுழையாதபடி கம்பிவலை அடித்தோம். பால்ஸ் சீலிங் இடுக்குகளை அடைத்தோம். அதேபோல் வெயில் அடித்த இன்னொரு நாளில் பார்த்தால் 42. அடுத்து, தகரத்தின் மேல் வெள்ளை அடித்தோம். 39-க்கு வந்தது. வெளிக்காற்றை உள்ளே விட்டுத் தள்ளுகிற விசிறி, வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியை ஒருநாளும் தராது. யாராவது தரும் என்றால் நம்ப வேண்டாம்.

இனி வரவு செலவு. சாதாரண 40 வாட் வெளியேற்று விசிறி 2,000 ரூபாய்க்குக் கிடைத்துவிடும். நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் மாதம் 10 யூனிட் கூட ஆகாது. யூனிட் 10 ரூபாய் என்றே போட்டாலும் மாதம் 100 ரூபாய்க்குள். ஆக, சூரிய விசிறிக்குக் கொடுத்த கூடுதல் 7,500 ரூபாயை மின்கட்டணத்தில் பிடிக்க ஆறு வருடத்துக்கு மேல் வேண்டும். மழைக்காலத்தை நினைத்தால் இன்னும் இழுக்கும். மின்கட்டண லாபத்துக்காக இதை வாங்குகிறவர் கணக்குத் தெரியாதவர்.

இருந்தும் நாம் அதைக் கழற்றவில்லை. வெயில் ஏற ஏறத் தானே வேகம் பிடிக்கிறது. பொழுது சாய்ந்தால் தானே நிற்கிறது. சுவிட்சைப் போட மறந்தேன் என்கிற பேச்சில்லை, மின்தடையில் நிற்பதும் இல்லை. சாக்கு மூடைகளுக்கு மேலே வீட்டு மின்சாரக் கம்பி இழுக்க வேண்டாம் என்பது நம்மைப் போன்ற சரக்கு வைத்திருப்போருக்குப் பெரிய நிம்மதி. பேட்டரியும் சேர்த்து வாங்கச் சொல்வார்கள், மச்சுக்குத் தேவையில்லை. வெக்கை வருவதும் வெயிலோடு, விசிறி ஓடுவதும் வெயிலோடு. கான்கிரீட் மாடிக்குக் கீழே தூங்குகிறவர்கள் கதை வேறு. அந்தக் கட்டடம் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் இறக்கும். அப்போது இந்த விசிறி தூங்கிக் கொண்டிருக்கும்.

வீட்டு மாடிச் சூரிய மின்திட்டத்தில் மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறதே என்று சிலர் கேட்டார்கள். 2024-ல் தொடங்கிய அத்திட்டம் மின்வாரியக் கம்பியோடு இணைக்கும் அமைப்புகளுக்கு. ஒற்றை விசிறிக்கு அல்ல.

பலகையைத் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்து வையுங்கள். காக்கை எச்சத்தை வாரம் ஒருமுறை கழுவுங்கள். விசிறியை நிறுத்த ஒரு சுவிட்ச் கட்டாயம் வேண்டும். தீ என்று வந்தால் ஓடுகிற விசிறி அதற்குக் காற்றூதும். ஐப்பசி கார்த்திகையில் துளைகளை மூடிவிடுங்கள்; ஈரக்காற்று உள்ளே வந்தால் வத்தல் பூசணம் பிடிக்கும், வெல்லம் கசியும். விசிறியின் வாய் யார் வீட்டுப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். வத்தல் நெடி நேரே பக்கத்து வீட்டு அடுப்படிக்குப் போய், 30 வருட நட்பு முறியப் பார்த்தது. தகரத்தில் ஒரு வளைவுக் குழாய் செய்து மேலே திருப்பிய பிறகுதான் அந்த அம்மா நம் வீட்டாரோடு பேசுகிறார்.

ஆகவே முதலில் துளை, பிறகு வெள்ளை, அதிலும் போதாவிட்டால் விசிறி. நாம் செய்தது தலைகீழ். விழுந்த இளைஞர் இப்போதும் நம் கடையில்தான் இருக்கிறார். மதியம் 12 முதல் 4 வரை மச்சுக்கு ஆள் ஏறுவதை நிறுத்திவிட்டோம். வேண்டிய சரக்கைக் காலையிலேயே இறக்கிக் கொள்கிறோம். நேரில் பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் தாராளமாக வரலாம். ஆனால் மதியம் 2 மணிக்கு வாருங்கள். காலையில் வந்தால் ஒன்றும் விளங்காது.