ஆஷ்வொர்த் எண்ணும் மானிய விதியும்

பக்கவாதத்துக்குப் பின் கையில் வரும் தசை இறுக்கமான ஸ்பாஸ்டிசிட்டிக்குப் போட்டுலினம் டாக்சினை மானியத்தில் தர, ஆஸ்திரேலியாவின் மருந்து மானியத் திட்டம் மாற்றியமைத்த ஆஷ்வொர்த் அளவுகோலில் குறைந்தது 3 கேட்கிறது. இரண்டு சுற்று ஊசிக்குப் பின் ஒரு மூட்டிலாவது ஒன்றுக்கு மேல் குறையாவிட்டால் சிகிச்சை தொடரக்கூடாது. முற்றிய காண்ட்ராக்சர், அதாவது திசு குறுகி மூட்டு மடங்கியே நின்றுவிட்ட நிலை, உள்ள கைக்கு மானியம் கிடையாது.

1964-இல் ஆஷ்வொர்த் இந்த அளவுகோலை உருவாக்கியது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் கரிசோப்ரோடால் மருந்தைச் சோதிக்க. 1987-இல் பொஹானனும் ஸ்மித்தும் 1+ என்ற படியைச் சேர்த்து அதை மாற்றியமைத்தனர். இவை வரிசைப் படிகள்; கழித்துப் பார்க்கத்தக்க எண்கள் அல்ல. 3 என்றால் அசைக்கவே சிரமம். 2 என்றால் எளிதில் அசையும். 3-இலிருந்து 2-க்கு வந்தவரின் உள்ளங்கையைக் கழுவலாம், நகம் வெட்டலாம், சட்டைக் கைக்குள் கையை நுழைக்கலாம். விதிப்படி அவர் பயன்பெறாதவர்.

அதைவிடப் பெரிய குறை வேகத்தில் இருக்கிறது. ஸ்பாஸ்டிசிட்டி நீட்டும் வேகத்தைப் பொறுத்தது என்று 1980-இல் வரையறுத்தவர் சிட்னியின் ஜேம்ஸ் லான்ஸ். ஆஷ்வொர்த் சோதனையோ ஒரே வேகத்தில் கைக்குப் படும் மொத்த எதிர்ப்பைத்தான் பதிவுசெய்கிறது. அதில் அனிச்சை எவ்வளவு, இறுகிய திசு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. டார்டியூ முறை மெதுவாகவும் விரைவாகவும் நீட்டி, விரைவில் தசை சட்டெனத் தடுக்கும் கோணம் (R1), மெதுவில் எட்டும் கோணம் (R2) ஆகியவற்றின் இடைவெளியைப் பார்க்கிறது. 2006-இல் பேட்ரிக்கும் அடாவும் பக்கவாதம் வந்தவர்களிடம் இரண்டையும் ஆய்வக அளவீட்டோடு ஒப்பிட்டனர். டார்டியூ 100 சதவீதம் ஒத்துப்போனது, ஆஷ்வொர்த் 63 சதவீதம். காண்ட்ராக்சர் குறுக்கிட்டதே வேறுபாட்டுக்குக் காரணம். இதுவும் சிட்னியில் நடந்த ஆய்வுதான்.

காண்ட்ராக்சரை விலக்கச் சொல்லும் விதி, காண்ட்ராக்சரைப் பிரித்தறிய முடியாத கருவியையே வாசலில் நிறுத்தியிருக்கிறது. 2-இல் இருப்பவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் மடங்கிய முழங்கையின் தசை குறுகலாம், எதிர்ப்பு கூடலாம், எண் 3 ஆகலாம். அது ஸ்பாஸ்டிசிட்டி வளர்ந்ததால் வந்த 3 அல்ல. இப்போது ஊசி போட்டால் நரம்பு-தசைச் சந்திப்பில் அசெட்டைல்கோலின் தடைபடும், அனிச்சை அடங்கும். குறுகிய தசை குறுகியே இருக்கும். எண் போதிய அளவு இறங்காததால் மருந்து நிறுத்தப்படும். இன்னும் தாமதித்தால் முற்றிய காண்ட்ராக்சர் என்று கதவே அடைபடும். தொடர் மாவுக்கட்டும் ஸ்பிளிண்டும் ஊசியோடு சேர்ந்து தொடங்கியிருக்க வேண்டிய கை அது. சான்று சொந்த நாட்டிலேயே இருந்தும் அதை விதிக்குள் கொண்டுவராததற்கு நோயாளி தன் முழங்கையால் விலை கொடுக்கிறார். மானியச் செலவைக் கட்டுப்படுத்துவது நியாயமே. தவறான ஆளைத் தடுப்பது கட்டுப்பாடு ஆகாது.

டார்டியூவிலும் குறை உண்டு. விரைவாக என்றால் எவ்வளவு விரைவு என்பது சோதிப்பவரின் கையைப் பொறுத்தது. கோனியோமீட்டர் சில பாகை பிசகும். மேற்பரப்பு ஈஎம்ஜியும் அசைவு உணரியும் சேர்த்தால் வேகமும் தசை கிளர்ந்த கோணமும் பதிவாகும். ஐசோகைனடிக் டைனமோமீட்டர் இன்னும் துல்லியம், ஆனால் வெளிநோயாளர் பிரிவுக்கு ஒத்துவராது. H அனிச்சை முதுகுத்தண்டின் கிளர்ச்சியைக் காட்டும். நோயாளியின் செயல்திறனோடு அதன் தொடர்பு வலுவற்றது.

விதியைத் திருத்த ஆய்வகம் தேவையில்லை. R1, R2 இரண்டும் முதல் ஊசிக்கு முன்பே பதிவாக வேண்டும். R2 குறுகியிருந்தால் மாவுக்கட்டுக்கும் அதே அனுமதியில் இடம் வேண்டும். தொடர்வதா நிறுத்துவதா என்பதை R1 நகர்ந்ததா, கை கழுவ முடிகிறதா என்பவற்றைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டும்.