ஏற்காட்டுக் குளிர் மீது பழி போட வேண்டாம்

டிசம்பர் மாதக் காலையில் ஏற்காடு ஏரிக்கரைப் பக்கம் விடுதி வாசல்களில் அடிக்கடி கேட்கும் சத்தம் அது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் என்ஜின் சுழலாது. ரிலே மட்டும் ‘டக் டக் டக்’ என்று அடித்துக்கொள்ளும். மீட்டர் விளக்கு மங்கி, அணைந்து, மறுபடி எரியும். ஹாரன் தொண்டை கட்டியவர் குரல்போல முனகும். முந்தின நாள் மாலை வரை சேலத்தில் ஒழுங்காக ஓடிய வண்டிதான். சுற்றி நிற்பவர்களில் ஒருவர், “மலைக் குளிரு பேட்டரிய அடிச்சிருச்சு” என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

அந்தத் தீர்ப்பு தப்பு. ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி விடியலில் குளிர் 13, 14 டிகிரி வாக்கில் இருக்கும். ஈய-அமில பேட்டரியின் திறன், வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். ஆக, மலைக் குளிரில் பேட்டரி இழப்பது பத்து சதவீதத்தை ஒட்டித்தான். என்ஜின் ஆயில் கெட்டியாவதால் செல்ஃப் மோட்டார் கொஞ்சம் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். நல்ல பேட்டரி இவை இரண்டையும் தாங்கும். தாங்காமல் போவது ஏற்கெனவே பாதி செத்த பேட்டரி. அதைச் சாகடித்தது சேலத்து ஏப்ரல், மே மாதம்.

வெயில்தான் உண்மையான எதிரி. பேட்டரி இருக்கும் இடத்தில் வெப்பம் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் பொதுவான கணக்கு. 40 டிகிரி வெயிலில், சீட்டுக்கு அடியில், என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கும் பேட்டரியின் உள்ளே தகடுகள் சத்தமில்லாமல் அரிக்கப்படுகின்றன. சமவெளியில் அது வெளியே தெரியாது. 1,200 மீட்டருக்கு மேல் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி, ஒரு ராத்திரி பனியில் நின்றால் தெரிந்துவிடும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலேயே வண்டி வைத்திருப்பவர்களின் கதை வேறு. நாகலூரிலிருந்தோ மஞ்சக்குட்டையிலிருந்தோ ஏற்காடு கடைவீதிக்கு வருகிறவர் ஓட்டும் தூரம் குறைவு. செல்ஃப் அடிக்கும் தடவை அதிகம். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களும் உண்டு. அப்போது சார்ஜ் ஏறாது. சாவி ஆனில் இருந்தால் பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும். 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிகிறது. மூடுபனிக்காக வெளியே வாங்கி மாட்டும் எல்இடி விளக்குகள் அதற்கு மேல் ஒரு சுமை. முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்து செல்லும்போது வண்டியின் காயில் உண்டாக்கும் மின்சாரம் இவை எல்லாவற்றுக்கும் போதாமல் போகலாம். பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் கடனில் விழுகிறது. பாதிச் சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படியும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய திறன் திரும்பாது.

மலைவாசிகளிடம் இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. இறக்கத்தில் உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் வண்டி கிளம்பிவிடும். ஸ்கூட்டரில் அது நடக்காது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோல் பம்ப்பும் கணினிப் பெட்டியும் வந்துவிட்டன. பேட்டரி அடியோடு இறங்கினால் உருட்டினாலும் பல வண்டிகள் அசையாது. இன்றைக்கு பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது மலையில் வண்டி ஓட்டுபவருக்கு உதிரிப் பாகம் மாற்றும் சில்லறை வேலை அல்ல.

ஆனால் கடைக்குப் போனால் முதல் கேள்வியே தப்பாக வருகிறது: “எந்தக் கம்பெனி வேணும்?” அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, வண்டி சார்ஜ் போடுகிறதா என்பது. மல்டிமீட்டரை டெர்மினலில் வைத்து, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பார்க்க வேண்டும். 12.7, 12.8 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4க்குக் கீழே என்றால் குறை இருக்கிறது. அடுத்து என்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பார்த்தால் 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். 13க்குக் கீழேயே கிடந்தால் காயிலோ ரெக்டிஃபையரோ போயிருக்கும். அதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புது பேட்டரியும் விரைவிலேயே இறங்கிவிடும்.

15ஐத் தாண்டினால் இன்னும் மோசம். சீல் பேட்டரிக்குள் அமிலம் கண்ணாடி இழைப் பாய்களில் ஊறியிருக்கும். சார்ஜ் ஏறும்போது உண்டாகும் வாயு உள்ளேயே மீண்டும் நீராகிவிடும். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் வாயு வால்வு வழியே வெளியேறிவிடும். பழைய ஆசிட் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம். சீல் பேட்டரியில் ஊற்ற மூடியே கிடையாது. போன நீர் போனதுதான். இந்த வோல்ட் சோதனைக்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. இதைச் செய்யாமல் பேட்டரி விற்கும் கடைக்காரர், வாங்குபவரின் பணத்தை வீணடிக்கிறார்.

அளவு விஷயத்தில் வாதத்துக்கு இடமில்லை. வண்டிக் கம்பெனி புத்தகத்தில் உள்ள ஆம்பியர் ஹவர் (ஏஎச்), பெட்டியின் நீள அகல உயரம், பிளஸ் டெர்மினல் இடமா வலமா, இவை மூன்றும் பொருந்த வேண்டும். நூறு சிசி வண்டிகளில் 3 ஏஎச் பேட்டரிகூட வருகிறது. 350 சிசி புல்லட் ரகங்கள் பலவற்றுக்கு 8 ஏஎச் வேண்டும். ‘ஒரு சைஸ் பெருசா போடலாம்’ என்று சொல்லி, டிரேயில் உட்காராத பேட்டரியை ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டினால், எஸ்டேட் சாலைக் குழிகளில் ஏற்படும் அதிர்விலேயே உள்தகடு உடைந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக வற்புறுத்த வேண்டியது தயாரிப்புத் தேதியை. அலமாரியில் சும்மா இருக்கும் பேட்டரியும் மாதத்துக்குச் சில சதவீதம் சார்ஜ் இழக்கும். வெயிலில் அது இரட்டிப்பாகும். சார்ஜ் போடாமல் ஆறு மாதம் கிடந்த பேட்டரியை வாங்காமல் விடுவதே நல்லது. பொட்டலப் பொருளில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கடைக்காரர் பெட்டியைப் பிரித்து பேட்டரியை மட்டும் மேசையில் வைக்கும்போது, வாங்குபவர் கண்ணில் படுவது சில எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடுதான். பேட்டரியின் மேலேயே எல்லோருக்கும் புரியும்படி மாதம், ஆண்டைக் கம்பெனிகள் அச்சிட வேண்டும். மாத்திரை அட்டையில் முடிகிறது. பல மடங்கு விலையுள்ள பேட்டரியில் முடியாதா?

வாரண்டி விளம்பரத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘48 மாதம்’ என்று போட்டிருக்கும் பல பேட்டரிகளில் முதல் 24 மாதம்தான் இலவச மாற்று. மீதிக் காலத்துக்கு விலையில் ஒரு பகுதி தள்ளுபடி மட்டுமே.

கடைசியாக, கழற்றிய பேட்டரி. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக 2020இல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது. முறையின்றி பேட்டரி உடைத்து உருக்குவதை அதன் முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் காட்டியது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. விதி இருந்தும் பழைய பேட்டரி காயலான் கடைக்குப் போனால், நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கலாம். அமிலமோ ஓடையில் கலக்கும். காபித் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓடைகள் கீழே உள்ள ஊர்களுக்கும் தண்ணீர் தருபவை. ஏற்காட்டில் பேட்டரி மாற்றும் ஒவ்வொரு மெக்கானிக் கடையும் பழையதை எடை போட்டு, பில்லில் கழித்து, சேலத்து விநியோகஸ்தருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கான சேகரிப்பு ஏற்பாட்டை மலை மேலேயே செய்து தரும்படி ஊராட்சி ஒன்றியம் கம்பெனிகளைக் கேட்க வேண்டும். கோடை விழாவுக்கு மலையேறும் வண்டிக் கூட்டத்துக்கு முன்பே அது தொடங்கிவிட்டால் நல்லது.