பெயர் தெரியாத மீன்

நடுக்கடலில் வலை விரிப்பவனுக்கு எப்போதாவது நேரும் ஒரு சங்கடம், ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் தூண்டில் போடுகிறவனுக்கு அடிக்கடி நேருகிறது. கரைக்கு இழுத்த மீன் இன்னதென்று அவனுக்குத் தெரிவதில்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலைச் சேரும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். ஓதம் ஏறும்போது உள்ளே வரும் கடல் மீனும், ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் அடித்துவரப்படும் ஆற்று மீனும், உப்பும் நன்னீரும் கலந்த கழியையே நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்ட மீனும் அங்கே கலந்து திரிகின்றன. போதாக்குறைக்கு, கடலில் வாழும் பல ஜாதி மீன்கள் தங்கள் பால்யத்தைக் கழிமுகத்தின் சேற்றிலும் சதுப்புக்காட்டு வேர்களிடையிலும் கழிப்பதால், பெற்றோரின் சாயல் சற்றும் இல்லாத குஞ்சுகள் வலையில் விழுந்து, பழகிய கண்களையும் மயக்குகின்றன.

இந்த மயக்கம் பாமரருக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டியதில்லை. கண்ணாடி போல் உடல் ஊடுருவித் தெரியும் சப்பையான சிறு மீன் ஒன்றைப் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய விஞ்ஞானிகள் தனி ஜாதியாகவே பாவித்து, அதற்கொரு லத்தீன் பெயரும் சூட்டி, நூறாண்டுக்கு அதிகமாக அந்தப் பெயரை ஏடுகளில் காப்பாற்றி வந்தார்கள். 1886ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி யீவ் டெலாஜ், ரோஸ்காஃப் கடலாய்வு நிலையத்தில் அப்படிப்பட்ட ஒன்றை உயிரோடு தொட்டியில் விட்டு வளர்த்து, அது கடல் விலாங்காக உருமாறியதைப் பிரத்தியட்சமாகக் கண்ட பிறகே, அது வேறொரு மீனின் குழந்தைப் பருவம் என்பது ஐயமின்றித் தெளிந்தது.

இன்றோ, அறியாத மீன் அகப்பட்டால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பி, அவர்களில் யார் முந்திக்கொண்டு ஒரு பெயரைச் சொல்கிறாரோ அதையே முடிவாக ஏற்று, மீனைக் குழம்புக்கோ தண்ணீருக்கோ அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. படம் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. இறந்த மீனின் நிறம் சிறிது நேரத்தில் வெளுத்துவிடும் என்பதால், உயிர் போகுமுன் எடுத்த படத்துக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆனால் படம் மீனாகிவிடாது என்பதே என் அபிப்பிராயம். கத்தாளை இனங்களில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய, தலைக்குள்ளிருக்கும் செவிக்கல்லையும், வியாபாரிகள் நெட்டி என்று சொல்லும் காற்றுப்பையின் அமைப்பையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கிழங்கானிலும் அப்படியே, வெளியே ஒன்றுபோல் தோன்றும் இரண்டு மீன்களை வயிற்றைக் கீறிக் காற்றுப்பையைக் கண்ட பிறகே நிச்சயமாக வேறுபடுத்த முடியும். மடவையைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். கண்ணை மூடியிருக்கும் கொழுப்பு இமையையும் செதில்களின் எண்ணிக்கையையும் பார்த்துப் பார்த்து, அதிலேயே ஆயுளைக் கழித்தவர்களும் தயங்குகிற குடும்பம் அது.

வெளிப்பார்வையிலேயே விடை தரும் மீன்களும் உண்டு. ஓரா மீனின் வயிற்றுத் துடுப்பில் ஒரு முள்ளுக்குப் பதிலாக இரு ஓரங்களிலும் ஒவ்வொரு முள் இருக்கும். வேறெந்த மீன் குடும்பத்திலும் காணாத விசேஷம் இது. அந்த முட்களில் விஷமும் இருப்பதால், எண்ணிப் பார்க்கிறவர் கையை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ள வேண்டும். விலாங்கு போன்ற வாலும் வாயைச் சுற்றி மீசைகளும் கொண்ட இருங்கெளுத்தியின் முள் குத்தியவருக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பேத்தையின் விஷமோ முள்ளில் இல்லை. ஈரல், சினை, தோல் ஆகிய உறுப்புகளில் தங்கும் அந்த நஞ்சு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அழிவதில்லை. ஆகவே இன்னதென்று தெரியாத மீனைச் சட்டியில் போடாதிருப்பது கோழைத்தனம் ஆகாது.

சரி, தின்ன வேண்டாம், திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடலாமே என்று ஜீவகாருண்யம் உடையவர்கள் கேட்கலாம். தெரிந்த மீனென்றால் அப்படிச் செய்வது நல்லதுதான். ஆனால் தெரியாத மீன் வெளிதேசத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்ததாகவும் இருக்கக்கூடும். ஆப்பிரிக்காவுக்குச் சொந்தமான ஜிலேபி மீன் 1952ஆம் ஆண்டில் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏரி குளங்களை நிரப்பியதோடு நில்லாமல் உப்பங்கழிகளிலும் அது குடியேறிவிட்டதால், இன்று அதை அயலார் என்று யாரும் நினைப்பதுகூட இல்லை. அப்படிப்பட்ட அயல் மீனின் முதல் வருகையை அறிந்து சொல்லக்கூடியவன் தூண்டில்காரனே. கையில் வந்ததைத் திரும்ப விட்டுவிட்டால் அந்தச் செய்தியும் மீனோடு போய்விடும்.

மீனை முழுதாக வைத்திருக்க வேண்டியதன் அவசியத்தை 1938ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் நடந்த சம்பவம் விளக்குகிறது. சலும்னா ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் இழுத்த வலையில் வந்த, நீலநிறம் பாய்ந்த ஐந்தடி நீள மீன் ஒன்றைக் கண்ட அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னே லாட்டிமர், அது இன்னதென்று தெரியாவிட்டாலும் எறியத்தக்கதன்று என்று உணர்ந்து, வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு சென்றார். பிணவறையும் குளிர்ப்பதனக் கிடங்கும் அதை ஏற்க மறுத்தன. கோடை வெயிலில் உடல் அழுகத் தொடங்கவே, தோலைப் பாடம் செய்து காப்பாற்ற முடிந்ததே தவிர, உள்ளுறுப்புகள் குப்பைக்குப் போயின. மீன் சாஸ்திரி ஜே.எல்.பி. ஸ்மித் பிப்ரவரியில் நேரில் வந்து பார்த்து, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனதாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீன் அது என்று உறுதிசெய்தார். ஆயினும் அதன் உள்ளமைப்பை அறிய, 1952இல் கொமொரோ தீவுகளில் இரண்டாவது மீன் அகப்படும்வரை உலகம் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அந்தத் தீவுகளின் மீனவர்களுக்கோ அது புதியதல்ல. அவ்வப்போது தூண்டிலில் வருகிற, பெரிய விலை போகாத மீன் என்று அவர்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

யாரை முதலில் கேட்க வேண்டும் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார், நம் கரையின் மீன்களைச் சேகரித்து பெர்லினிலிருந்த ப்ளோக் என்ற விஞ்ஞானிக்கு அனுப்பிவந்தார். நன்றி பாராட்டிய ப்ளோக், கத்தாளை வகையொன்றுக்குப் பாதிரியாரின் பெயரை இட்டார். அந்த வகையிலுள்ள ஒரு மீனின் சாஸ்திரப் பெயரில் நம் மீனவர் சொன்ன ‘கறுத்த’ என்ற அடைமொழியும் நிலைபெற்றிருக்கிறது. சொன்ன மனிதர் யாரென்பது மட்டும் அந்தப் பெயரில் இல்லை. கரையிலிருக்கும் கிழவரும் மீன் விற்கும் அம்மாளும் சொல்வதை முதலில் எழுதிக்கொண்டு, முட்களை எண்ணும் வேலையைப் பிறகு தொடங்குவதே முறையான வரிசை.

இதற்கெல்லாம் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றங்கரையிலேயே இருக்கிறது. அத்தகைய பாக்கியம் இல்லாத கழிமுகங்களே நம் கரையில் அதிகம். மீன்வளத் துறை அங்கெல்லாம் மீன் இறங்கும் துறையில் ஒரு பனிக்கட்டிப் பெட்டியும், அளவுகோலும், பிடித்த இடம், நாள், ஓதத்தின் நிலை, மீனவர் சொன்ன பெயர் ஆகியவற்றைக் குறிக்க ஒரு பதிவேடும், கொண்டுவந்தவரின் பெயரையும் அதில் மறவாமல் எழுதும் ஒரு மனிதரையும் வைத்தால் போதும். மீனுக்கு அன்றைய ஏல விலையை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல், பிழைப்புக்காக வலை போடுகிறவனிடம் விஞ்ஞானத்தின் பெயரால் மீனை இனாமாகக் கேட்பது நியாயமாகாது, கேட்டாலும் இரண்டாம் முறை அவன் கொண்டுவர மாட்டான்.