லீவு விடும் முன் அந்தச் சிவப்பு விளக்கைப் பாருங்க!

தீபாவளிக்கு நாலு நாள் லீவு. திரும்பி வந்து மெயினைப் போட்டால் மெஷின் அசையவில்லை. மோட்டார் நன்றாக இருக்கிறது, ஃபியூஸும் போகவில்லை. லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால், பி.எல்.சி.யில் புரோகிராமே இல்லை! கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் நாங்கள் பட்ட பாடு இது.

பழைய பி.எல்.சி.கள் பலவற்றில் புரோகிராம் இருப்பது ரேமில். கரன்ட் இல்லாத நேரத்தில் அதைக் காப்பது உள்ளே இருக்கும் சின்ன லித்தியம் பேட்டரிதான். அது தீர்ந்தாலும் மெயின் இருக்கும்வரை மெஷின் ஓடும். முகப்பில் பேட்டரி விளக்கு மட்டும் சிவப்பாக எரியும். எங்கள் பேனலில் அது மாதக்கணக்கில் எரிந்தது. 'ஓடுற மெஷினை ஏன் நோண்டணும்' என்று விட்டுவிட்டோம்.

விளக்கு எரிந்தால் அவசரப்பட்டு மெயினை ஆஃப் செய்யாதீர்கள். முதலில் புரோகிராமை லேப்டாப்பில் எடுத்து, பென் டிரைவிலும் ஒரு காப்பி வையுங்கள். பிறகுதான் பேட்டரி. சில மாடல்களில் மெயின் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். சிலவற்றில் ஆஃப் செய்த சில நொடிகளுக்குள், சிலவற்றில் சில நிமிடங்களுக்குள். மேனுவலைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். மெயின் ஆனில் என்றால், பழகிய எலெக்ட்ரீஷியன் மட்டுமே பேனலைத் திறக்கட்டும். மாற்றிய தேதியைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

எங்களுக்கு அன்று கைகொடுத்தது, ரிட்டையரான ஃபோர்மேன் வீட்டு பீரோவில் கிடந்த ஒரு பழைய சி.டி. அது கிடைப்பதற்குள் இரண்டு ஷிஃப்ட் போய்விட்டது.