சைலன்சர் மாற்றுமுன்



வளர்ந்த பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்து, அவனிடம் ஓர் என்ஃபீல்டு வண்டியும் இருந்துவிட்டால், சைலன்சர் மாற்றும் பேச்சு என்றாவது ஒருநாள் எழாமல் இராது. நண்பர்களோடு மூணாற்றுக்கோ, இன்னும் துணிந்தவனாயின் லடாக்குக்கோ நெடும்பயணம் புறப்படுமுன், கடையில் விற்கும் வேறொரு சைலன்சரைப் பூட்டிவிட வேண்டும் என்பான். தந்தை கூடவே கூடாது என்பார். தாய் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். இம்மாதம் இவ்வழக்கை நாம் எடுத்துக்கொள்வோம். தந்தையின் பக்கமே நாம் நிற்கப்போவதாக எவரும் முன்கூட்டியே எண்ணிவிட வேண்டாம்.

1955-இல் சென்னையில் காலூன்றிய அந்த வண்டியின் ஒலிக்கு ஒரு கம்பீரம் உண்டு என்பதை நாமும் மறுப்பதற்கில்லை. அவ்வொலி எங்கிருந்து வருகிறது? ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடினால் நொடிக்கு 25 வெடிகள். ஒவ்வொரு வெடியின் சூடான வாயுவும் பென்ட் பைப்பு வழியே பாய்ந்து வருகிறது. உடன்வந்த சைலன்சருக்குள் அறைகளும் துளையிட்ட குழாய்களும் உள்ளன. ஒலியலைகள் அவற்றில் மோதித் திரும்பி ஒன்றையொன்று தணிக்கின்றன. கடையில் வாங்குவதிலோ பெரும்பாலும் துளையிட்ட நேர்க்குழாய் ஒன்றும், அதைச் சுற்றிய கண்ணாடிப் பஞ்சுமே இருக்கும். எடை குறைவு; நல்ல எவர்சில்வரில் செய்திருந்தால் துருவும் பிடிக்காது. இவை மெய்யான நன்மைகள். ஆனால் “இழுவை கூடும்” என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பிவிடலாகாது. எஞ்சினுக்குள் செல்லும் பெட்ரோலின் அளவு பழைய சைலன்சருக்கு ஏற்றவாறே வகுக்கப்பட்டுள்ளது. குழாயை மட்டும் மாற்றினால் கூடுவது பெரும்பாலும் ஓசைதான்.

இன்னொரு செய்தியைப் பெற்றோர் அறிந்திருப்பது நலம். பழைய புல்லட்டில் சைலன்சரின் வேலை ஒலியை அடக்குவது மட்டுமே. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி செய்யப்படும் வண்டிகளின் புகைவழியிலோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்னும் உறுப்பும் அமைந்திருக்கிறது. தேன்கூடு போன்ற அதன் உட்புறத்தில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லப் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் அது பெருமளவு மாற்றிவிடுகிறது. எஞ்சினிலிருந்து கடைசி வரை முழுக் குழாயையும் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். அந்தப் புகை தெருவில் விளையாடும் குழந்தைகளின் மூக்குக்குத்தானே வந்து சேரும்? பின்பகுதியை மட்டும் மாற்றும் “ஸ்லிப்-ஆன்” வகை வேறு. கன்வெர்ட்டர் முன்குழாயில் இருக்கும் வண்டியாயின் அது அப்படியே தங்கிவிடும். அது எங்கே இருக்கிறதென்று அறியாமல் ஸ்பானரைத் தொடலாகாது.

நெடும்பயணம் செல்வோர் எண்ணிப் பாராத ஒன்று, அவர்களின் சொந்தச் செவி. தெருவில் நிற்பவர் அவ்வொலியை அரை நிமிடம் கேட்டுச் சலித்துக்கொள்வார். ஓட்டுகிறவனோ நாள் முழுவதும் அதன்மேல் அமர்ந்திருக்கிறான். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு 15 நிமிடமே. விரைந்து செல்கையில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் ஒன்றே 85-ஐத் தாண்டிவிடும். அதன்மேல் சைலன்சரின் உறுமலும் சேர்ந்தால் மாலையில் காதில் ரீங்காரம் கேட்பதில் வியப்பென்ன? இவ்வாறு இழந்த செவித்திறன் மீள்வதில்லை.

“சத்தம் இருந்தால்தான் லாரிக்காரன் ஒதுங்குவான்” என்பதும் பிள்ளைகள் கூறும் வாதம். 1981-இல் ஹாரி ஹர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். முக்கால் பங்குக்கு மேற்பட்ட ஆபத்துகள் ஓட்டுநரின் முன்புறத்திலிருந்தே வந்தன என்று அது கூறுகிறது. சைலன்சரின் வாயோ பின்னோக்கி இருக்கிறது!

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் கடந்து செல்கையில் அளக்கும் ஒலிக்கு 80 டெசிபல் என வரம்பு வகுக்கப்பட்டுள்ளது. மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபோது, ஒலி, புகை விதிகளை மீறுவோருக்கு முதல் முறையிலேயே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதப்பட்டது. 3 மாதம் லைசென்சும் பறிபோகும். ஐரோப்பிய முத்திரை பொறித்த சைலன்சர் என்பது இங்கே விலக்காகாது. ஆகவே நம் தீர்ப்பு இது: வண்டி செய்தவர்களே துணைப்பொருளாக விற்று, விதிக்கு உட்பட்டதென எழுத்திலும் தந்தால், தந்தை இசையலாம். ஒலியைக் குறைக்க வாயினுள் செருகியிருக்கும் “டி.பி. கில்லர்” என்னும் சிறு குழாயைக் கழற்றுவதில்லை என்று பிள்ளை முதலில் வாக்குக் கொடுக்கட்டும்.

இசைந்தபின் வேலையைச் செவ்வனே செய்ய வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறட்டும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய இரவே எண்ணெய் விடுக. முன்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைத் தொட வேண்டியதில்லை. பழைய சைலன்சரை ஒருவர் தாங்கிப் பிடிக்க மற்றவர் கிளாம்பைத் தளர்த்துவதே முறை; இல்லையேல் அதன் பளு முழுவதும் முன்குழாயை வளைக்கும். இணைப்பில் புதிய காஸ்கெட் இடுக. ஐம்பது நூறு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவன்று. எல்லா நட்டுகளையும் முதலில் கைவிரலால் மட்டும் பொருத்தி, இருவர் வண்டியில் ஏறி அமர்ந்து பாருங்கள். பின்சக்கரமோ, பயணப் பையோ, பின்னால் அமரும் தாயின் சேலையோ சைலன்சரில் படுமானால் அதை அப்போதே கண்டுகொள்ளலாம். பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி முறுக்குக. கைரேகை எண்ணெயை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைக்காவிட்டால் முதற்சூட்டில் அது கறையாக நின்றுவிடும். எஞ்சினைத் திறந்த வெளியிலேயே இயக்குக. மூடிய கொட்டகை உயிருக்கே ஆபத்து. ஆக்சிலேட்டரை விடும்போது படபடவென வெடித்தால் இணைப்பில் காற்று நுழைகிறது என்று பொருள். முதல் ஓட்டம் முடிந்து ஆறியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை முறுக்க வேண்டும்.

பழைய சைலன்சரை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். 15 ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கச் செல்லும்போதும், இடையில் விற்க நேர்ந்தாலும் அது வேண்டியிருக்கும். உள்ளிருக்கும் ஈரம் காய்ந்தபின் இரு வாயையும் துணியால் அடைத்துச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றி வையுங்கள்.