சேரிக் கூடத்துக்கு ஏசி கேட்போம்

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் சாகாமல் இருக்க, மே மாத மதியம் 12 முதல் 4 மணி வரை ஒரு கூலித் தொழிலாளி எங்கே போய் உட்காருவது?

வீட்டில் உட்காரலாம் என்பவர்கள் தொகுப்பு வீட்டுக்குள் ஒரு மதியம் இருந்து பார்க்கட்டும். பகல் முழுக்கச் சூட்டைக் குடிக்கும் காங்கிரீட் கூரை, இரவு முழுக்க அதைக் கக்குகிறது. செங்கல் சூளையிலும் வயலிலும் சாக்கடையிலும் வெந்துவிட்டு வருகிற உடம்புக்கு இரவிலும் ஆறுதல் இல்லை. யார் வெயிலில் நிற்பது, யார் நிழலில் நின்று வேலை வாங்குவது என்பதைச் சாதி தீர்மானிக்கிற நாட்டில், வெப்பம் வெறும் வானிலைச் செய்தி அல்ல. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். சொல் போகட்டும். கூரை அப்படியேதானே இருக்கிறது?

ஆய்வுக்காக நான் போய்வந்த குடியிருப்புகளில் சமுதாயக் கூடம்தான் எல்லாமும். கல்யாணம், வளைகாப்பு, மாலைநேரப் படிப்பகம், ஏப்ரல் 14 கூட்டம் எல்லாம் அங்கேதான். அந்த ஏப்ரல் 14 கோடையின் நடுவில் வருகிறது என்பதைத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறிகள் சூடான காற்றையே சுற்றிவிட, மேடையில் இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒன்றாக வேகிறோம். நூறு பேர் உட்கார்ந்தால் அவர்களின் உடம்பிலிருந்து மட்டும் சுமார் 10 கிலோவாட் வெப்பம் வெளியேறும். அதை இழுக்க மட்டுமே ஏறக்குறைய 3 டன் ஏசி வேண்டும்.

ஆகவே நான் கேட்பது, இந்தக் கூடங்களுக்கு ஹீட் பம்ப் பொருத்த வேண்டும் என்பது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கிணற்றுத் தண்ணீரை மோட்டார் மேலேற்றுவது போல, இது அறைக்குள் இருக்கும் சூட்டை வெளியே ஏற்றுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பத்தை நகர்த்தும். நம் ஏசியும் ஒரு ஹீட் பம்ப்தான். திசை மாற்றும் வால்வு இருந்தால் அதே இயந்திரம் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும். சமவெளியில் அது தேவையில்லை. ஆனால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் வாழும் நீலகிரித் தேயிலைத் தோட்டக் கூடங்களில் சனவரி இரவுக்குத் தேவை.

முதலில் கூரை. வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போடாமல் ஏசி மாட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. பிறகு மும்முனை இணைப்பு. சேரிக்கு வரும் மின்கம்பி பெரும்பாலும் கடைக்கோடியில்தான் முடிகிறது; குறைந்த மின்னழுத்தத்தில் கம்ப்ரசர் நிற்காது. வெளி யூனிட்டைப் பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்து வைத்துவிடாதீர்கள், அந்த அனலை ஒரு தாய் வாங்கிக்கொண்டிருப்பாள், மாடியில் வையுங்கள். 6 டன் ஏசி நாலு மணி நேரம் ஓடினால் 28 யூனிட் அளவுக்கு ஆகும். மாடியில் 10 கிலோவாட் சூரியத் தகடு கோடை நாளில் சுமார் 40 யூனிட் தரும், அதுவும் அதே மதியத்தில்.

சேரிக்கு ஏசியா, ஆடம்பரம் இல்லையா என்பார்கள். உணவு விநியோகத் தொழிலாளர்களுக்குச் சென்னை மாநகராட்சி 2025இல் குளிரூட்டிய ஓய்வறை திறந்தபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை. பணம்? பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான நிதியைப் பிற செலவுக்குத் திருப்பக் கூடாது என்றுதானே 2024இல் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டமே இயற்றினோம்?

இன்னொரு கேள்வி நம் ஆட்களிடமிருந்தே வருகிறது: ஊர்ப் பொதுக் கூடத்தில் வைத்தால் எல்லோருக்கும் ஆகுமே? அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடத்தில் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்று அரசமைப்பின் 15(2) சொல்கிறது. 2004 சுனாமியின்போதும் அது அமலில்தான் இருந்தது. நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை நாடே பார்த்தது. ஆகவே குளிர்ந்த கூடம் சேரியில் இருக்கட்டும், ஊர்க்காரர்கள் வந்து உட்காரட்டும். யாரையும் வாசலில் நிறுத்தப் போவதில்லை.

மே 1 கிராம சபை சரியாகக் கத்திரி வெயிலுக்கு முன்னால் வருகிறது. கூரைப் பூச்சு, மும்முனை இணைப்பு, சூரியத் தகடு, மின்கட்டணம் ஊராட்சிக் கணக்கில் என்று தீர்மானம் எழுதிக்கொண்டு போங்கள். கூடத்தின் சாவி அந்தத் தெருப் பெண்களின் சுயஉதவிக் குழுவிடம் இருக்கும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். நான் பார்த்ததில் பாதிக் கூடங்கள் பூட்டித்தான் கிடந்தன.