பதினாறு விளக்கில் தமிழ்

தீபாவளி இரவில் கம்பி மத்தாப்பால் இருட்டில் தன் பெயரை எழுதிப் பார்க்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? நெருப்பு ஒரு புள்ளிதான். கண்ணுக்குத் தெரிவது கோடு. 1765இல் பாட்ரிக் டார்சி என்ற பிரெஞ்சு அறிவியலாளர், கனன்ற கரித்துண்டைச் சக்கரத்தில் வைத்துச் சுழற்றி, எந்த வேகத்தில் அது முழு வட்டமாகிறது என்று அளந்தார். ஒரு சுற்றுக்குச் சுமார் 0.13 வினாடி. அதாவது வினாடிக்கு எட்டுச் சுற்று வந்தாலே வட்டம் மூடிவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளும் நானும் சேர்ந்து செய்த சுழலிக்கும் இதுதான் அடிப்படை. சுண்டிவிட்டால் காற்றில் எழுத்து தெரியும் பொம்மை. நடுவில் ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் அதே 608 பேரிங். ஒரு கையில் வரிசையாக 16 சின்னச் சிவப்பு எல்.இ.டி.; எடை சமமாக இருக்க மறு கையில் பேட்டரியும் அர்டுவினோ நானோ போர்டும். சாமான்கள் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பவை.

அவள் முதலில் ஆசைப்பட்டது பம்பரத்துக்கு. ஆனால் எழுத்து ஆடாமல் நிற்க வேண்டுமானால், சுழல்வது எந்த இடத்தில் இருக்கிறது என்று போர்டுக்குத் தெரிய வேண்டும். சுழலியில் விரலால் பிடிக்கும் நடுமூடி அசையாது. அதில் ஒரு பொட்டுக் காந்தம் ஒட்டி, சுழலும் பக்கத்தில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் வைத்தால், சுற்றுக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். பம்பரத்தில் அசையாத பாகம் என்று ஏதும் இல்லை. சுழலியைச் சுண்டிய கணத்திலிருந்தே அதன் வேகம் குறைந்துகொண்டே வரும். அதனால் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் அளந்து, அதை 120ஆல் வகுத்து, அடுத்த சுற்றின் 120 பத்திகளுக்கு, அதாவது எழுத்தின் நெடுக்குப் புள்ளி வரிசைகளுக்கு, பங்கிடுகிறோம். வேகம் தளர்ந்தாலும் எழுத்து இடம் மாறாமல் நிற்கிறது.

கலர் விளக்கு வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். கடையில் எளிதாகக் கிடைப்பது டபிள்யூ.எஸ். 2812. கொலுவுக்கும் மேடை அலங்காரத்துக்கும் அருமையான விளக்கு. சுழலிக்கு ஒத்துவராது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வினாடிக்கு 20 சுற்று என்றால் ஒரு பத்திக்குக் கிடைப்பது சுமார் 416 மைக்ரோ வினாடி. இந்த விளக்கு ஒன்றுக்குச் செய்தி அனுப்ப 30 மைக்ரோ வினாடி ஆகும். 16 விளக்குக்கு 480. பத்தி கடந்து போன பிறகுதான் விளக்கு எரியும். ஏ.பி.ஏ. 102 என்ற வகைக்கு வேகம் அதிகம், கலர் சுழலிக்கு அதுதான் சரி. நாங்கள் சாதாரணச் சிவப்பு விளக்கையே வைத்து, இரண்டு 74595 ஐ.சி. மூலம் எரியவிட்டோம். கற்றுக்கொள்ள அதுவே நல்லது. எந்த விளக்கு ஏன் எரிகிறது என்பது பிள்ளைக்குக் கடைசிவரை விளங்கும்.

உண்மையான வேலை எழுத்தில்தான் இருந்தது. ஆங்கிலத்துக்கு 5க்கு 7 புள்ளியில் எழுத்து அட்டவணை எங்கும் கிடைக்கும். எட்டு விளக்கு தாராளம். தமிழுக்கு மேலே புள்ளியும் கொக்கியும், கீழே காலும் வாலும் உண்டு. இவற்றையெல்லாம் எட்டில் அடையாளம் தெரியும்படி அடக்குவது கடினம். அதனால்தான் 16.

247 எழுத்துக்கும் தனித்தனிப் படம் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18, இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36, துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு, புள்ளி: ஆக 108 படம். இந்த அளவில் முடிந்ததற்குப் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். 1978இல் தமிழக அரசு அதை ஏற்காமல் இருந்திருந்தால் ணா, றா, னா, லை எல்லாம் தனித்தனிப் படமாகியிருக்கும்.

கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் கட்டங்களை நிரப்பி ஒவ்வோர் எழுத்தாக அவள் வரைந்தாள். சுழற்றிப் பார்த்ததும், "மாமா, 'மு'வோட வாலு உள்ள போய் ஒட்டிக்குது" என்றாள். சரியான கவனிப்பு. எங்கள் சுழலியின் விளிம்பில் ஒரு பத்தியின் அகலம் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். உள்பக்கம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. தலை விரியும், கால் நெருங்கும். எனவே உகரங்களின் வாலை இரண்டு பத்தி அகலமாக வரைய வேண்டியிருந்தது.

அடுத்தது கொம்பு. 'நெ' என்பதைக் கணினி முதலில் ந, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கிறது. இடம் மாற்றிக் காட்டும் வேலையை செல்போன் தானே செய்துகொள்ளும். இந்தச் சின்னச் சிப்புக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும்: கொம்பு வந்தால் முன்னால் போடு, ஒகரம் வந்தால் இரண்டாகப் பிரித்து இருபுறமும் வை. 'திருநெல்வேலி' என்ற ஆறெழுத்து ஊர், சுழலியில் எட்டுப் பட அகலத்துக்கு விரிந்து கிட்டத்தட்ட வட்டம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. பார்க்க அவ்வளவு அழகு.

பல பள்ளிகளில் உள்ள அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் அர்டுவினோ போர்டுகள் இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றில் 'ஹலோ' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பழகுகிறார்கள், தமிழ்ப் புள்ளி எழுத்து கைக்கெட்டும் இடத்தில் இல்லாததால். ஆசிரியர்களே, ஒரு வகுப்புக்கு 108 கட்டப் படங்களைப் பங்கிட்டுக் கொடுங்கள். ஆளுக்கு மூன்று நான்குதான் வரும். வரைந்து முடித்ததும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வையுங்கள். கிரந்த எழுத்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜாவுக்கும் ஹரிணிக்கும் தங்கள் பெயர் சுழல்வதைப் பார்க்கும் ஆசை இருக்கும்.